சீட்டின் கடைசி வரி: அமெரிக்கத் தேர்தல் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட கரோலினா மாநிலத்தின் வேக் கவுண்டியில் குடியிருக்கிறேன். குடியுரிமை வாங்கிப் பத்து ஆண்டு ஆகிறது. தேர்தல் ஆண்டு என்றால் அக்டோபர் சனி ஞாயிறுகளில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவேன். வாக்குப்பதிவு தொடங்கியதும், கட்சிக்காரர்கள் நிற்கலாம் என்று கோடு போட்ட இடத்தில் மாதிரி வாக்குச்சீட்டோடு நிற்பேன். கோயிலிலும், பிறந்தநாள் விருந்துகளிலும், ஊரிலிருந்து வரும் போன்களிலும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான் வருகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவைத்தால் என்ன என்று தோன்றியது. இவை என் கருத்துகள். நான் நடுநிலையாளர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முற்போக்கு என்கிறீர்களே, அப்படியென்றால் என்ன? ஜனநாயகக் கட்சியா?

வாக்களிப்பது பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்குத்தான். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலையில் வைத்த தொகை, இன்றுவரை அப்படியே நிற்கிறது. இடையில் ஜனநாயகக் கட்சி அதிபர்கள் பல ஆண்டுகள் ஆண்டிருக்கிறார்கள். முழு நேரம் உழைப்பவர் வாடகை கட்டித் தீர்க்க முடிய வேண்டும், காய்ச்சல் வந்தால் கடன் வாங்காமல் மருத்துவரைப் பார்க்க முடிய வேண்டும், எல்லார் வாக்கும் எண்ணப்பட வேண்டும். இவற்றை ஏதோ ஒரு நாளைக்கு என்று தள்ளிவைக்காமல் இப்போதே கேட்பவர்களைத்தான் முற்போக்காளர் என்கிறேன்.

எல்லாரும் டிரம்ப் பற்றிப் பேசுகிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் எப்போதும் நீதிபதி தேர்தல் என்றே பேசுகிறீர்கள்?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதுகிறேன் என்றே சொல்லலாம்.

2024 அக்டோபரில் மோரிஸ்வில்லில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. கதவைத் திறந்த தம்பி கையில் குழந்தை. "அக்கா, டிரம்பா கமலாவா, அதை மட்டும் சொல்லுங்க. கீழே இருக்கிற பேரெல்லாம் யாருன்னே தெரியல, அதை விட்டுடறேன்" என்றார். தமிழர்கள் மட்டுமில்லை, எல்லா வீட்டிலும் கேட்கிற பேச்சுத்தான் இது. சீட்டின் மேலே அதிபர், ஆளுநர். (இங்கே ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர், நம்மூர் முதலமைச்சர் மாதிரி.) அதற்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் மாநிலத் தணிக்கையாளர், மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி, மேல்முறையீட்டு நீதிபதி, பள்ளி வாரியம், கடைசியில் மண், நீர்ப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வரை பெயர்கள். அந்தக் கீழ்ப்பகுதியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

2022இல் எங்கள் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகளில் நான்கு பேர் ஜனநாயகக் கட்சியினர். நாடாளுமன்றத் தொகுதிகளைச் சட்டமன்றத்தில் பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சி தனக்குச் சாதகமாக வெட்டியது மாநில அரசியலமைப்புக்கு எதிரானது என்று அவர்கள் தீர்ப்பு சொன்னார்கள். அதனால் அந்த ஆண்டு நீதிமன்றம் வகுத்த வரைபடத்தில் தேர்தல் நடந்து, 14 இடங்கள் ஏழுக்கு ஏழு என்று பிரிந்தன. அதே நாளில் இரண்டு நீதிபதி இடங்களுக்கும் தேர்தல். 2020இல் 75 விழுக்காடாக இருந்த வாக்குப்பதிவு அந்த ஆண்டு 51 விழுக்காட்டுக்கு இறங்கியது. அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டு, பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இரண்டு இடங்களையும் குடியரசுக் கட்சி பிடித்தது. நீதிமன்றம் ஐந்துக்கு இரண்டு ஆனது.

புதிய நீதிமன்றம் 2023 ஏப்ரலில் பழைய தீர்ப்பைத் தூக்கிப் போட்டது. அக்டோபரில் சட்டமன்றம் புது வரைபடம் போட்டது. 2024இல் அதே மாநிலம், அதே மக்கள், ஆனால் முடிவு குடியரசுக் கட்சிக்குப் பத்து, ஜனநாயகக் கட்சிக்கு நான்கு. மூன்று இடம் கைமாறியது. அந்த ஆண்டு வாஷிங்டனில் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை எப்படி அமைந்தது? குடியரசுக் கட்சி 220, ஜனநாயகக் கட்சி 215. மூன்றை இந்தப் பக்கத்திலிருந்து எடுத்து அந்தப் பக்கம் வைத்துப் பாருங்கள்: 217க்கு 218.

அந்தச் சபைதான் 2025 ஜூலை 3ஆம் தேதி 218க்கு 214 என்ற கணக்கில் டிரம்பின் பெரிய வரி மசோதாவை நிறைவேற்றியது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டுக்கு மத்திய அரசு செலவிடுவதில் பத்தாண்டுகளில் 90,000 கோடி டாலருக்கு மேல் குறையும். 2034க்குள் கூடுதலாக ஒரு கோடிப் பேர் காப்பீடு இல்லாமல் போவார்கள் என்று நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகமே கணக்குச் சொன்னது. எங்கள் மாநிலத்தில் மெடிக்கெய்ட் விரிவாக்கம் 2023 டிசம்பரில்தான் வந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் சேர்ந்திருக்கிறார்கள்.

2022 நவம்பரில் வீட்டில் இருந்தவர்கள் யாரும் அடுத்த வீட்டுக்காரரின் காப்பீட்டைப் பறிக்க நினைத்தவர்கள் இல்லை. பெயர் தெரியாத இரண்டு நீதிபதிகள்தானே என்று விட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

தொகுதி வரைபடத்தை அவர்களே வரைந்துகொள்ள முடியுமா? தேர்தல் ஆணையம் இல்லையா?

இந்தியா மாதிரி நாடு முழுதுக்கும் ஒரே தேர்தல் ஆணையம் இங்கே இல்லை. தொகுதி மறுவரையறைக்குத் தனி ஆணையமும் பெரும்பாலான மாநிலங்களில் கிடையாது. சட்டமன்றத்தில் யாருக்குப் பெரும்பான்மையோ அவர்கள் கையில்தான் பேனா. எதிர்க்கட்சி வாக்காளர்களை ஒன்றிரண்டு தொகுதிகளில் அடைத்து நிரப்பலாம், அல்லது நாலைந்து தொகுதிகளில் தெளித்து எங்குமே ஜெயிக்க முடியாமல் செய்யலாம். வீதி வீதியாக யார் எப்படி வாக்களிப்பார்கள் என்று சொல்லும் கணினித் தரவு இருக்கிறது. 2016இல் எங்கள் மாநிலச் சட்டமன்றக் குழுவின் தலைவரான குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர், பத்து இடம் எங்களுக்கு, மூன்று அவர்களுக்கு என்று வரைவோம், பதினொன்றுக்கு இரண்டு என்று வரைய முடியும் எனத் தோன்றவில்லை, அதனால்தான் பத்து என்று வெளிப்படையாகவே பேசினார்.

அந்த வரைபடத்தில் ஒரு கோடு கிரீன்ஸ்பரோ நகரில் வட கரோலினா ஏ அண்ட் டி பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே போனது. நாட்டிலேயே மிகப் பெரிய கறுப்பினப் பல்கலைக்கழகம் அது. வளாகத்துக்குள் ஓடும் லாரல் தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு தொகுதி, அந்தப் பக்கம் இன்னொன்று. விடுதியிலிருந்து தெருவைக் கடந்து வகுப்புக்குப் போகிற மாணவர் வேறு தொகுதிக்குள் போகிறார். மாணவர்களின் வாக்கு இரண்டாகப் பிளந்து, இரண்டு தொகுதியிலும் கரைந்துபோனது. 1960 பிப்ரவரி 1 அன்று வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேசையில் போய் உட்கார்ந்து, எழமாட்டோம் என்றார்களே நான்கு இளைஞர்கள், அவர்கள் படித்த இடம் அது. அந்தத் தெருவில் நான் நின்றிருக்கிறேன். நடைபாதை, மரங்கள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற பிள்ளைகள். கோடு எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இப்படி வெட்டுவதைத் தடுக்க மத்திய நீதிமன்றங்களுக்கு வேலையில்லை என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் 2019இல் கைவிரித்துவிட்டது. அந்த வழக்கும் எங்கள் மாநிலத்திலிருந்து போனதுதான். அதன்பிறகு மிஞ்சியிருந்த ஒரே கதவு மாநில உச்ச நீதிமன்றம். அதுவும் 2023இல் சாத்தப்பட்டது. நான் ஏன் நீதிபதி, நீதிபதி என்று சொல்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஜனநாயகக் கட்சியும் இதையேதான் செய்கிறது, இல்லையா?

ஆமாம். இல்லினாய் மாநில வரைபடத்தைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. 2025 ஆகஸ்டில் டெக்சாஸ், டிரம்ப் கேட்டதற்காக, பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் காத்திராமலே ஐந்து இடங்களைக் குறிவைத்து வரைபடத்தை மாற்றியது. பதிலுக்குக் கலிஃபோர்னியா, தனியான குடிமக்கள் ஆணையம் வரைந்த நல்ல வரைபடத்தை ஒதுக்கிவைக்க நவம்பரில் மக்களிடம் அனுமதி கேட்டது. மக்கள் பெரும்பான்மையாகச் சரி என்றார்கள். நடுவில் மிசௌரி மாற்றியது, அக்டோபரில் எங்கள் மாநிலம் மறுபடியும் மாற்றியது. இந்த முறை குறி, கறுப்பின வாக்காளர்கள் நிறைய இருக்கும் வடகிழக்குத் தொகுதி.

கலிஃபோர்னியாவில் இருந்திருந்தால் நானும் சரி என்றுதான் வாக்களித்திருப்பேன். ஒரு பக்கம் மட்டும் விதியை மதித்தால் விதி பிழைக்காது. ஆனால் இதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. இரண்டு கட்சிக்கும் பொருந்தும்படி, நாடு முழுவதும் தனி ஆணையங்கள் வரைய வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும். 2021இல் பிரதிநிதிகள் சபை அப்படி ஒரு மசோதாவை நிறைவேற்றியது. செனட்டில் விவாதத்தை முடிக்கவே 60 வாக்கு வேண்டும் என்ற விதியில் மாட்டிச் செத்துப்போனது.

அந்த 734 வாக்கு விவகாரம் என்ன?

2024இல் மாநில உச்ச நீதிமன்ற இடத்துக்கு நடந்த தேர்தல். ஐம்பத்தைந்து லட்சம் பேருக்கு மேல் வாக்களித்ததில், ஜனநாயகக் கட்சியின் அலிசன் ரிக்ஸ் 734 வாக்கில் ஜெயித்தார். மறு எண்ணிக்கையிலும் மாறவில்லை. எதிர்த்து நின்ற ஜெஃபர்சன் கிரிஃபின் தோல்வியை ஏற்காமல், 60,000க்கும் மேற்பட்ட வாக்குகளைச் செல்லாது என்று அறிவிக்கச் சொல்லி வழக்குப் போட்டார். அந்த வாக்காளர்கள் செய்த தவறு? பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே ஓட்டுநர் உரிம எண்ணோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கமோ இல்லை. பலர் எண்ணைக் கொடுத்தும் பெயரில் ஓர் எழுத்து பொருந்தாததால் கணினி ஏற்கவில்லை. பலருக்கு அவர்கள் பதிவு செய்த காலத்துப் படிவமே அது கட்டாயம் என்று தெளிவாகச் சொல்லவில்லை. நேரில் வந்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் அடையாள அட்டை காட்டித்தான் வாக்களித்தார்கள். அந்தப் பட்டியலில் ரிக்ஸின் சொந்தத் தாய் தந்தை பெயரும் இருந்தது!

ஆறு மாதம் இழுத்தது. 2025 மே மாதம், டிரம்ப் நியமித்த மத்திய நீதிபதி ஒருவரே, தேர்தல் முடிந்தபின் விதியை மாற்றி வாக்கைப் பறிக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னதும்தான் கிரிஃபின் விலகினார்.

பெயரில் ஓர் எழுத்து என்றதும் நம் ஆட்களுக்கு விஷயம் புரிந்துவிடும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் சில தாளில் முன்னால், சில தாளில் பின்னால், சில தாளில் ஒற்றை எழுத்து. கடவுச்சீட்டில் ஒரே பெயர் இருந்தால் விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று அடித்துவிடுவார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. 2024இல் முன்கூட்டிய வாக்குப்பதிவில் ஒரு பாட்டி மகனோடு வந்தார். எழுபது வயதுக்கு மேல், குடியுரிமை வாங்கி முதல் வாக்கு, பட்டுப்புடவையில் வந்திருந்தார். உரிமத்தில் பெயர் ஒரு வரிசை, பதிவேட்டில் இன்னொரு வரிசை. வெளியே வந்து மகன் சொன்னார்: மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி, பாட்டி வயதுதான் அவருக்கும், விரலை வைத்து இரண்டையும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்து, "இது நீங்கள்தான்" என்று சீட்டைக் கொடுத்தாராம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது, பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் போதும். ஆனால் அந்த விரலின் பொறுமையை நம்பித்தான் அந்த வாக்கு இருந்தது.

இப்போது குடியுரிமைக்கு ஆவணச் சான்று இல்லாமல் யாரும் பதிவு செய்யக் கூடாது என்று ஒரு மசோதா 2025 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. குடிமகன் அல்லாதவர் வாக்களிப்பது ஏற்கெனவே குற்றம். புதிதாக மாட்டிக்கொள்ளப் போவது யார்? கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிய பெண்கள், பிறப்புச் சான்றிதழைத் தொலைத்த முதியவர்கள், அப்புறம் நாம்.

தணிக்கையாளருக்கும் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம்? அவர் கணக்குப் பார்க்கிறவர்தானே?

அப்படித்தான் இருந்தது. 2024இல் ஆளுநர் பதவியை ஜனநாயகக் கட்சியின் ஜாஷ் ஸ்டைன் ஏறத்தாழ 15 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். அதிபருக்கு டிரம்பைத் தேர்ந்தெடுத்த அதே மாநிலம், அதே நாள். மாநிலத் தேர்தல் வாரியத்தை நியமிக்கும் அதிகாரம் ஆளுநரிடம் இருந்தது. அவர் பதவியேற்பதற்கு முன்பே, டிசம்பரில், ஹெலீன் புயல் நிவாரணம் என்று தலைப்பிட்ட ஒரு மசோதாவுக்குள் வைத்து, அந்த அதிகாரத்தைச் சட்டமன்றத்தில் பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சியினர் தணிக்கையாளருக்கு மாற்றிவிட்டார்கள். தணிக்கையாளர் குடியரசுக் கட்சிக்காரர். மலைப்பகுதியில் வீட்டை இழந்தவர்களின் பெயரில் இதைச் செய்ததை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

அதிக வாக்கு வாங்கியவர் தோற்பது எப்படி?

அதிபரை 538 தேர்வாளர்கள் மாநிலவாரியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், 270 வந்தால் வெற்றி. பெரும்பாலான மாநிலங்களில் ஒரு வாக்கு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் எல்லாரும் அவருக்குத்தான். 2000இல் அல் கோர் நாடு முழுக்க ஐந்து லட்சம் வாக்கு அதிகம் பெற்றும், ஃபுளோரிடாவில் 537 வாக்கில் பதவியை இழந்தார். 2016இல் ஹிலாரி கிளிண்டனுக்கு 28 லட்சத்துக்கும் மேல் அதிகம், பதவி டிரம்புக்கு. இதை ஒழிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் 2024இல் டிரம்ப் இரண்டு கணக்கிலும் ஜெயித்தார், 312க்கு 226, மக்கள் வாக்கிலும் முன்னிலை. அந்தத் தோல்விக்கு இந்த முறையைக் காரணம் சொல்வது நேர்மையில்லை.

அப்போ கமலா ஏன் தோற்றார்? நம்ம துளசேந்திரபுரத்துப் பேத்தி என்று ஊரே கொண்டாடியதே.

பிரசாரத்துக்கு அவருக்குக் கிடைத்தது 107 நாள். பைடன் ஜூலை 21 வரை விலகாமல் இருந்தது பெரிய தவறு, அதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் இருந்தது அதைவிடப் பெரிய தவறு. காசாவில் குழந்தைகள் சாவதைப் பார்த்துக்கொண்டே ஆயுதம் அனுப்பியது இன்னொன்று. 2024 பிப்ரவரியில் மிச்சிகன் உட்கட்சித் தேர்தலில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் "யாருக்கும் இல்லை" என்று குறித்து எச்சரித்தார்கள். கட்சி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் நான் தட்டிய கதவுகளில் அதிகம் கேட்டது முட்டை விலையும் வாடகையும்தான். 2022 ஜூனில் விலைவாசி உயர்வு 9.1 விழுக்காடு வரை போனது. பிறகு வேகம் குறைந்தது, ஆனால் ஏறிய விலை இறங்கவில்லை. "பொருளாதாரம் நன்றாக இருக்கிறது" என்று வரைபடம் காட்டினால், மளிகை ரசீதை வைத்துக்கொண்டு நிற்கிறவருக்கு எப்படி இருக்கும்?

மக்கள் முற்போக்குக் கொள்கையை நிராகரித்துவிட்டார்கள் என்று சொல்கிறவர்களுக்கு மிசௌரியைக் காட்டுவேன். அதே 2024 நவம்பரில் டிரம்பை வெகுவாக ஜெயிக்கவைத்த மாநிலம் அது. அதே சீட்டில் குறைந்தபட்சக் கூலியை 15 டாலராக்கவும், சம்பளத்தோடு நோய் விடுப்புக்கும், கருக்கலைப்பு உரிமைக்கும் பெரும்பான்மையினர் ஆம் என்றார்கள். அடுத்த ஆண்டே நோய் விடுப்பைச் சட்டமன்றம் ரத்து செய்துவிட்டது. மக்கள் கேட்டது ஒன்று, வரைபடம் காத்துவைத்திருக்கும் சட்டமன்றம் தந்தது வேறு.

இந்திய வம்சாவளி வேட்பாளர் நின்றால் நம்ம ஆளுக்குப் போட வேண்டாமா?

பெயரைப் பார்த்ததும் மனசு குளிர்கிறது, எனக்கும்தான். சென்னையில் பிறந்து 16 வயதில் தனியாக இங்கே வந்த பிரமிளா ஜெயபால் நாடாளுமன்றத்தில் பேசும்போது நிமிர்ந்து உட்கார்கிறேன். 2025 நவம்பரில் ஹைதராபாத்தில் பிறந்த கஸாலா ஹாஷ்மி வர்ஜீனியாவின் துணை ஆளுநராக வென்றார், அதே இரவில் நியூயார்க் மேயராக ஸோரான் மம்தானி. வாடகை, பேருந்து, குழந்தைப் பராமரிப்பு என்று மூன்றே விஷயத்தைச் சொல்லிச் சொல்லி, பத்து லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வாங்கினார். நகரத்தில் 1969க்குப் பிறகு இவ்வளவு பேர் மேயர் தேர்தலில் வாக்களித்ததில்லை.

ஆனால் ஒஹையோவில் ஆளுநர் பதவிக்கு நிற்கும் விவேக் ராமசாமியும் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர்தான். அவர் அதிபர் பதவிக்கு முயன்றபோது, குடியுரிமைத் தேர்வு எழுதாமலோ நாட்டுக்குச் சேவை செய்யாமலோ இருப்பவர்களுக்கு வாக்குரிமை வயதை 25 ஆக்க வேண்டும் என்றார். ஏ அண்ட் டி மாணவர்களை நினைத்துக்கொள்கிறேன். பெயர் நம்முடையதாக இருந்தாலும் என் வாக்கு அவருக்குக் கிடையாது.

வந்தேறிய நாட்டில் நன்றாகச் சம்பாதிக்கிறோம். நமக்கு எதற்கு இந்த அரசியல்?

பெரியப்பா ஒவ்வொரு முறையும் இதைத்தான் கேட்பார். 1923இல் பகத் சிங் திந்த் என்ற சீக்கியர், முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர், குடியுரிமைக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார். நீ வெள்ளையன் இல்லை, உனக்குக் கிடையாது என்றார்கள். 1946 வரை பெரும்பாலான இந்தியர்களுக்குக் குடியுரிமை வாங்க வழியில்லை. அதன் பிறகும் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு நூறு பேர்தான் குடியேற முடிந்தது. கதவு உண்மையில் திறந்தது 1965 அக்டோபரில் வந்த குடியேற்றச் சட்டத்தால். அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஆகஸ்டில், கறுப்பின மக்கள் அடி வாங்கி, நாய்க்கடி பட்டு, அலபாமா மாநிலத்தின் செல்மா பாலத்தில் ரத்தம் சிந்திப் பெற்ற வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. அதே நாடாளுமன்றம், அதே அதிபர், ஒரே போராட்டத்தின் வேகம். நாம் விமானம் ஏறி வந்தது அவர்கள் நடந்த நடையால். அந்த வாக்குரிமைச் சட்டத்தின் பல்லை 2013இல் உச்ச நீதிமன்றம் பிடுங்கியபோது, இது யாரோ ஒருவர் பிரச்சினை என்று என்னால் இருக்க முடியவில்லை.

ஹெச்-1பி வேலை விசா பற்றி முற்போக்காளர்கள் பேசுவதே இல்லையே?

போதுமான அளவு பேசுவதில்லை, உண்மைதான். புது விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் டிரம்ப் அறிவித்த வார இறுதியில், விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் விமான நிலையத்தில் தவித்த தவிப்பை நாம் எல்லாரும் பார்த்தோம். நாட்டுக்கு ஏழு விழுக்காடு என்ற உச்சவரம்பால் கிரீன் கார்டு வரிசையில் பத்து, பதினைந்து ஆண்டு நிற்கிறார்கள். இங்கேயே வளர்ந்த பிள்ளைக்கு 21 வயதானதும் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து பெயர் கழன்றுவிடுகிறது. என் கருத்து: விசா முதலாளியின் கையில் இருக்கும்வரை அந்தத் தொழிலாளி சம்பளம் கேட்க முடியாது, அதனால் பக்கத்து மேசை அமெரிக்கரின் சம்பளமும் ஏறாது. வேலை மாறும் சுதந்திரத்தைக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் நல்லது. தொழிற்சங்கங்களோடு சேர்ந்து நாம் பேச வேண்டிய இடம் இது.

கிரீன் கார்டு இருக்கிறது. உள்ளூர்த் தேர்தலிலாவது வாக்களிக்கலாமா?

வட கரோலினாவில் கூடாது. உரிமம் எடுக்கும்போது யாராவது வாக்காளர் பதிவுப் படிவத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். தெரியாமல் வாக்களித்தாலும் நாடு கடத்தும் வரை போகலாம். பள்ளி வாரியக் கூட்டத்தில் எழுந்து பேசலாம், எங்களோடு வந்து கதவைத் தட்டலாம். போன முறை எங்கள் குழுவில் நன்றாகப் பேசியவர் கிரீன் கார்டுக்காகக் காத்திருக்கும் ஒரு தங்கைதான்.

கோடீஸ்வரர்கள் பணத்தைக் கொட்டும்போது நம் ஒரு வாக்கு என்ன செய்யும்?

2025 ஏப்ரலில் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி இடம். எலான் மஸ்க்கும் அவர் சார்ந்த குழுக்களும் இரண்டு கோடி டாலருக்கு மேல் இறக்கினார்கள். மேடையில் வாக்காளர்களுக்குப் பத்து லட்சம் டாலர் காசோலைகளைக் கொடுத்தார். சூசன் கிராஃபர்ட் பத்துப் புள்ளி வித்தியாசத்தில் அவர்கள் ஆளைத் தோற்கடித்தார். அதே ஆண்டு நவம்பரில் ஜார்ஜியாவில், மின்கட்டணத்தை முடிவு செய்யும் ஆணையத்துக்கு ஜனநாயகக் கட்சியினர் இருவர் வென்றார்கள். மின்கட்டண ரசீதைக் கையில் வைத்துப் பிரசாரம் செய்தார்கள், அது போதுமாக இருந்தது.

சரி, 2026 நவம்பர் 3இல் எதைப் பார்க்க வேண்டும்?

தொலைக்காட்சி முழுக்க எங்கள் செனட் இடத்தைக் காட்டும். ஜனநாயகக் கட்சியின் முன்னாள் ஆளுநர் ராய் கூப்பர் நிற்கிறார், அவருக்குத்தான் என் வாக்கு. ஆனால் அதே சீட்டில் கீழே போய் அனிடா ஏர்ல்ஸ் பெயரைத் தேடுங்கள். மாநில உச்ச நீதிமன்றத்தில் மிஞ்சியிருக்கும் இரண்டு ஜனநாயகக் கட்சி நீதிபதிகளில் ஒருவர், பல ஆண்டுகள் வாக்குரிமை வழக்கறிஞராக இருந்தவர். எட்டு ஆண்டுப் பதவிக்காலம் முடிகிறது. அவர் ஜெயித்தால், 2028இல் வரும் மூன்று இடங்களில் இரண்டை வென்று பெரும்பான்மையைத் திருப்பலாம். 2030 கணக்கெடுப்புக்குப் பின் வரும் வரைபடத்துக்கு நியாயம் கேட்க ஓர் இடம் இருக்கும். அவர் தோற்றால் மூன்றையும் வெல்ல வேண்டும்.

முன்கூட்டிய வாக்குப்பதிவு அக்டோபர் 15 முதல் 31 வரை. கவுண்டியில் எந்த முன்கூட்டிய சாவடிக்கும் போகலாம். பதிவு செய்ய மறந்திருந்தாலும் அந்த நாட்களில் அங்கேயே பதிவு செய்து வாக்களிக்கலாம், முகவரிச் சான்றும் படம் உள்ள அடையாள அட்டையும் கொண்டுபோங்கள். உங்கள் பெயர் பதிவேட்டில் எப்படி எழுதியிருக்கிறது என்று இப்போதே மாநிலத் தேர்தல் வாரியத் தளத்தில் பார்த்துவிடுங்கள், முக்கியமாக வீட்டில் அம்மா அப்பா பெயரை. மாதிரிச் சீட்டும் அங்கேயே கிடைக்கும். அதை அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் வைத்து, ஒவ்வொரு பெயராகக் குறித்து, கையில் எடுத்துக்கொண்டே உள்ளே போகலாம், தடையில்லை. சீட்டு இரண்டு பக்கமும் அச்சிட்டிருக்கலாம். பெட்டியில் போடுவதற்கு முன் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.